நானூற்றுப் பதின்மூன்றாம் அட்டை

மனித அறிவின் வரலாற்றில் நெருப்பு ஒரு திருப்பம். எழுத்து இன்னொரு திருப்பம். அதற்குப் பிறகு உலகம் வெகுகாலம் சும்மாதான் கிடந்தது. மூன்றாவது திருப்பம் மலாய் நாட்டுக் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில், ஒரு தாமான் குடியிருப்பு வரிசையின் பதினேழாம் எண் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் நிகழ்ந்தது. உலகம் அதை இன்னும் கவனிக்கவில்லை. உலகத்துக்கு வேலை அதிகம்.

அந்தக் கதவில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருந்தது. தலைப்பு: 'மேதைமை வளர்ச்சி மைல்கற்கள் அறுபத்து நான்கு'. ஒவ்வொரு மைல்கல்லுக்கு எதிரேயும் ஒரு வட்டத் தாள். பச்சை என்றால் தேர்ச்சி. மஞ்சள் என்றால் கண்காணிப்பு. சிவப்பு என்றால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மைல்கற்களைக் கடந்துகொண்டிருந்தவள் இரண்டு வயது பதினோரு மாதமான த்ரிஷ்விகாஸ்ரீ. எண்கணித சோதிடர் ஒருவர் அதிர்ஷ்டம் போதவில்லை என்று இரண்டு எழுத்தைக் கூட்டிக் கொடுத்ததில், பெற்றவர்களுக்கே அந்தப் பெயர் ஒரே மூச்சில் வருவதில்லை. ஆகவே வீட்டில் விகா. வட்டங்களை ஒட்டிக்கொண்டிருந்தவர் அவளுடைய தந்தை யோகேந்திரன்.

யோகேந்திரன் லேசுப்பட்டவர் அல்லர். கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகர். உருப்பெருக்கிக்கு அடியில் நகத்தில் பாதி அளவுள்ள சில்லுகளைப் பார்த்துப் பார்த்து, மனிதரைப் பார்த்தாலும் ஒரு கண்ணை இடுக்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. அவர் கண்ணுக்கு ஒரு கீறல் தப்பியதில்லை. அவர் 'குறைபாடு: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தச் சில்லு ஜப்பான் வரைக்கும் போய் மறுபேச்சின்றி வேலை செய்யும். அப்பேர்ப்பட்டவர் கையில் ஆண்டவன் ஒரு குழந்தையைக் கொடுத்தால் அது தற்செயலாக இருக்க முடியுமா?

விகாவின் மேதைமை வெளிப்பட்டது ஒரு பேரங்காடியில். அப்போது அவளுக்குப் பதினாறு மாதம். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்தவள், அடுக்கி வைத்திருந்த பால் பெட்டிகளைப் பார்த்துத் தெளிவாக "சூசூ" என்றாள். பெட்டியில் பாலுக்கு மலாய்ச் சொல்லான 'சூசூ' என்றுதான் எழுதியிருந்தது. யோகேந்திரனுக்கு மயிர் கூச்செறிந்தது. "ரூபினி! புள்ள வாசிக்குது!" என்று கூவினார்.

"வாசிக்கலங்க, வருதுன்னு சொல்லுது," என்றாள் அவர் மனைவி ரூபினி.

இருவர் சொன்னதும் சரியாக இருந்திருக்கலாம். பால் வாங்கினார்கள், தள்ளுவண்டியையும் துடைத்தார்கள்.

அன்று தொடங்கியது திட்டம். அலோர் ஸ்டாரைத் தலைமையிடமாகக் கொண்ட 'கெடா சிறு மேதையர் மன்றம்' என்னும் மாபெரும் அமைப்பு வழிகாட்டி நூலை அனுப்பியது. சொற்களைப் பெரிய அட்டைகளில் எழுத வேண்டும். குழந்தையிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்க வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு விநாடி. மிக முக்கியம், பக்கம் ஆறு: 'அட்டை காட்டுபவரின் முகம் குழந்தையின் கவனத்தைச் சிதறடிக்கும்; ஆகவே முகத்தை அட்டையால் முழுமையாக மறைத்துக்கொள்க.'

யோகேந்திரன் மறைத்துக்கொண்டார். முதல் அட்டை 'அப்பா'. இரண்டாவது 'அம்மா'. மூன்றாவது 'விண்வெளி'.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். குழந்தை வாசித்தாள். ஏமாற்று வேலை ஏதுமில்லை. இரண்டரை வயதில் 'விண்வெளி'யையும் 'வெண்டைக்காய்' என்பதையும் ஒன்றுபோலச் சரளமாக வாசித்தாள். தவறிய சொற்கள் 'ரிஜெக்ட்' என்று எழுதிய பிஸ்கட் தகரத்துக்குள் போகும். அடுத்த ஷிஃப்டில் மறு பரிசோதனை.

யோகேந்திரனுக்குக் காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை வேலை. ரூபினிக்கு வேறொரு தொழிற்சாலையில் இரவு ஏழிலிருந்து காலை ஏழு. கணவனும் மனைவியும் சந்திப்பது விடுமுறை நாளில்தான். ஆனால் தொழிற்சாலை எப்போதாவது நின்றிருக்கிறதா? ஷிஃப்டு ஒப்படைக்கும் முறை என்று ஒன்று இருக்கிறதே! குளிர்பெட்டியின் தலைமேல் ஒரு பதிவேடு. பகல் மூன்று மணிக்கு ரூபினி அட்டை காட்டி எழுதுவாள்: 'காட்டியது 52. தேர்ச்சி 49. ரிஜெக்ட் 3. குழந்தைக்கு லேசாகச் சளி.' இரவு எட்டு மணிக்கு யோகேந்திரன் அட்டை காட்டி எழுதுவார்: 'மறு பரிசோதனை 3. தேர்ச்சி 3. சளி கவனிக்கப்பட்டது.' கீழே இருவர் கையெழுத்தும்.

இந்த இரண்டு ஷிஃப்டுக்கும் இடையில், இருவரும் பேருந்தில் இருக்கும் நேரம், ரூபினி தூங்கும் நேரம் எல்லாம் சேர்த்து நாளுக்குப் பத்து மணி நேரம், குழந்தை பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவிடம் இருந்தாள். பதிவேட்டில் அதற்கு ஒரு பெயர் உண்டு. இயந்திரம் ஓடாமல் நிற்கும் நேரத்துக்குத் தொழிற்சாலையில் என்ன பெயரோ அதே பெயர்: 'டவுன் டைம்'.

பாப்பம்மா ரப்பர் தோட்டத்து ஆயாக்கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். தோட்டம் போய்த் தாமான் வந்தபின் பின்கட்டில் ஆறு கோழி வளர்க்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. மேதைமை வளர்ச்சியில் அவருக்குப் பங்கில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிரூபிக்க முடியாது.

ஒரு விடுமுறை நாளில் யோகேந்திரன் குழந்தையைக் கூட்டிவர வேலியோரம் போனார். உள்ளே யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் குரல். "கறுப்பி வரமாட்டா. கறுப்பி கோவமா இருக்கா. நீ தொரத்துன இல்ல, பாப்பம்மா? மன்னிப்பு கேளு!" எட்டிப் பார்த்தார். பேசியது விகா. கறுப்பி என்பது கோழி. விகா அவரைப் பார்த்தாள். பேச்சு அறுந்தது. சட்டென்று படியில் போய் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அட்டைக்காகக் காத்திருந்தாள்.

எத்தனை ஒழுக்கம்! யோகேந்திரன் மெய்சிலிர்த்தார். நெஞ்சில் ஏதோ சுருக்கென்று குத்தவும் செய்தது. காலையில் பசியாறிய நாசி லெமாக் சோற்றின் காரச் சம்பலாக இருக்கும்.

"என்னாப்பா, ஒன்னப் பாத்ததும் புள்ள பரீச்சைக்கு ஒக்காருது?" என்றார் பாப்பம்மா.

"அது டிசிப்ளின், பெரியம்மா."

"என்கிட்ட வாய் ஓயாம பேசுது. நேத்து என்னையே அதட்டுது, கையக் கழுவிட்டு வான்னு. ஒன்ன அப்பான்னு ஒரு தடவ கூப்புட்டு நான் கேட்டதில்லையே?"

"படிக்கிறாளே! மொதக் கார்டே அதுதான்."

"படிக்கிறது இருக்கட்டும்ப்பா. கூப்புடுறாளா?"

"அதெல்லாம் தானா வரும். எந்தப் புள்ளயும் செய்றதுதான். கோழிகிட்ட பேசுறதெல்லாம் நம்ம சிலபஸ்ல இல்ல பெரியம்மா."

"நாலு வயசு வரைக்கும் ஆயாக்கொட்டாயில மண்ணத் தின்னுகிட்டு நின்னியே, அது எந்த சிலபஸ்ல இருந்துச்சு?"

மேதையின் தந்தை மேதையைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். உண்மையில் குளிர்பெட்டி அட்டவணையில் ஒன்பதாம் மைல்கல் பாப்பம்மா கேட்டதுதான்: 'பெற்றோரை அழைத்தல், அடையாளம் காட்டுதல்'. அதற்கு எதிரே ஒன்றரை ஆண்டாக மஞ்சள் வட்டம். தொழிற்சாலையில் குறைபாடுகள் மூன்று வகை: உயிர்போகும் குறை, பெரிய குறை, சில்லறைக் குறை. யோகேந்திரன் இதைச் சில்லறையில் சேர்த்திருந்தார். ஆனால், குளிர்பெட்டியில் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் அவர் கண் முதலில் அந்த மஞ்சளில்தான் விழும். அதைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை, பதிவேட்டிலும் எழுதியதில்லை.

மேதைமைக்குப் பகையும் உண்டு. கம்பெனிப் பேருந்தின் மூன்றாவது இருக்கையில் அது உட்கார்ந்திருந்தது. பெயர் சசிதரன்.

"அண்ணே, விகா இப்ப எத்தன?"

"நானூத்திப் பன்னெண்டு."

"மூணு மொழியும் சேத்தா?"

"தமிழ் மட்டும். மலாய், இங்கிலீஷ் தனி லைன்ல ஓடுது."

சசிதரன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நம்ம பையன் கெடா மாவட்டம் பன்னெண்டையும் சொல்றான் அண்ணே. ரெண்டு வயசு எட்டு மாசம்தான்லா."

"வரிசையாவா?"

"தலகீழாவும்."

"வாசிச்சு சொல்றானா, கேட்டு சொல்றானா?"

"கேட்டுத்தான்..."

"அதக் கிளியும் செய்யும் தம்பி."

பேருந்தே சிரித்தது. ஓட்டுநர் மணியம் கண்ணாடியில் பின்னால் பார்த்து, "எனக்கு நாப்பத்தொம்பது வயசு. அந்தப் பன்னெண்டுல அஞ்சு எங்க இருக்குன்னு இன்னும் தெரியாது. பஸ்ஸு ஒழுங்காத்தான் போவுது," என்றார். கல்வியின் அருமை தெரியாதவர்.

சசிதரன் விடவில்லை. "அப்ப பட்டம் வாங்கிக் காட்டுங்க அண்ணே. மன்றம் குடுக்குதே, 'இளம் மேதை'. மூணு வயசு முடியிறதுக்குள்ள வாங்கணுமாமே?"

"வாங்கிட்டு வரேன்," என்றார் யோகேந்திரன். நாற்பத்து நான்கு இருக்கைகளும் சாட்சி. விகாவின் மூன்றாவது பிறந்தநாளுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அன்று மாலையே அவர் ஒரு பேனருக்குச் சொல்லிவைத்தார். பட்டம் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடலாம். ஆனால் பேருந்தை எப்படி விடுவது?

மன்றத்தின் முதன்மை மேதைமை மதிப்பீட்டாளர் திருமதி பூரணம் துரைசிங்கம் அலோர் ஸ்டாரிலிருந்து நேரிலேயே வந்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போட்டவர். ஓய்வுபெற்றபின் கோப்புகள் இல்லாமல் கை சும்மா இருக்க மறுத்ததால் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார். சனிக்கிழமை காலை பத்து மணி. இரவு ஷிஃப்டு முடித்து வந்த ரூபினி கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு பட்டுச்சேலையில் நின்றாள். பாப்பம்மாவை அன்று மட்டும் வரவேண்டாம் என்று யோகேந்திரன் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "டவுன் டைம் இருந்தா மார்க்கு கொறையும் பெரியம்மா."

விகா உட்கார்ந்தாள். முதுகு நேர். கை மடியில்.

"என்ன ஒரு ஒழுக்கம்!" என்றார் மதிப்பீட்டாளர். தம் கைப்பையிலிருந்து யாரும் முன்பின் பார்த்திராத அட்டைகளை எடுத்தார். 'நிலக்கரி.' வாசித்தாள். 'மக்களாட்சி.' வாசித்தாள். 'பொருளாதாரப் பின்னடைவு.' ஒரு கணம் மூச்சு வாங்கிக்கொண்டு அதையும் வாசித்தாள். ரூபினி யோகேந்திரனின் கையைப் பிடித்தாள். கலியாணத்துக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் இது இரண்டாவது தடவை.

"அற்புதம். அறுபத்து மூண்டும் சரி," என்றார் திருமதி பூரணம், தாளில் அடையாளமிட்டுக்கொண்டே. "ஒண்டே ஒண்டு மிச்சம். ஒன்பதாம் இலக்கம். சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி." குனிந்தார். "பிள்ளை, அப்பா எங்க? காட்டுங்கோ பாப்பம்?"

யோகேந்திரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

விகா எழுந்தாள். யோகேந்திரனைக் கடந்து போனாள். அட்டைப் பெட்டியைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளில் துழாவி, மூலை மடிந்து போன முதல் அட்டையை எடுத்துவந்து மதிப்பீட்டாளரிடம் காட்டினாள். "அப்பா," என்றாள். உச்சரிப்பில் பிசகில்லை.

"கெட்டிக்காரி! சரி, அம்மா எங்க?"

இரண்டாம் அட்டை வந்தது.

"கார்டு வேணாம்மா. ஆளைக் காட்டுங்கோ. ஆள்!"

விகா யோசித்தாள். மறுபடியும் பெட்டிக்குள் தேடினாள். முந்நூற்றுப் பதினெட்டாம் அட்டையைக் கொண்டுவந்தாள். 'ஆள்' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

ரூபினியின் கை யோகேந்திரனின் கையை விட்டது. "விகாம்மா, அம்மா இங்க இருக்கேன்டா," என்றாள் மெதுவாக. குழந்தை திரும்பிப் பார்த்தாள். குரல் அட்டையிலிருந்து வரவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது போலிருந்தது.

அப்போது பின்பக்கத்துக் கம்பிக் கதவுக்கு அப்பால் ஒரு கோழி கத்தியது. தப்பியோடிய அதைத் துரத்திக்கொண்டு பாப்பம்மா வந்து நின்றார். "மன்னிச்சுக்கப்பா, இது என் பேச்சக் கேக்குறதில்ல."

"அது ஆர், பிள்ளை?" என்றார் மதிப்பீட்டாளர்.

பெட்டியில் அதற்கு அட்டை இல்லை. ஆகவே விகா ஓடினாள். "பாப்பம்மா!" என்று கத்திக்கொண்டு கம்பிகளுக்கிடையில் இரண்டு கையையும் நீட்டி அவர் கைலியைப் பிடித்துக்கொண்டாள். "கறுப்பி முட்ட போட்டுச்சா? எனக்குக் காட்டாம எடுத்துட்டியா? ஏன் நீ காலையில வரல? நான் தேடுனேன்ல!"

பெற்றோர் முன்னிலையில் அவள் பேசிய முதல் நான்கு வாக்கியங்கள் அவை. பதிவேட்டில் எழுதிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

மதிப்பீட்டாளர் பேனா மூடியைக் கடித்தபடி கணக்குப் போட்டார். "ஒன்பதாம் இலக்கம் தவறிப்போச்சு. ஆனா பாதகமில்லை. விதிப்படி அறுவது எடுத்தாக் காணும். பிள்ளை தேறிட்டாள்."

"மேடம், அது... எங்களத் தெரியலையே?" என்றாள் ரூபினி.

"அதில ஒண்டும் இல்லை. தாய் தகப்பனை அறியாமலே மேதை ஆனவை உலகத்தில எத்தனை பேர் இருக்கினம்!" என்று அபயம் அளித்து, முத்திரையைக் குத்தினார்.

தாமான் முகப்பில் பேனர் ஏறியது: 'எங்கள் மண்ணின் இளம் மேதை'. படம் எடுக்கும்போது குழந்தை பாப்பம்மா இடுப்பில் இருந்தால்தான் சிரித்தாள். ஆகவே அப்படியே எடுத்து, அச்சகத்தில் பாப்பம்மாவை மட்டும் வெட்டிவிட்டார்கள். எவ்வளவு கவனமாக வெட்டியும் மேதையின் இடுப்பைச் சுற்றி ஒரு காய்த்துப்போன கை மிஞ்சிவிட்டது.

"அண்ணே, அது யாரு கை?" என்றான் சசிதரன் பேருந்தில்.

"டிசைன்," என்றார் யோகேந்திரன்.

அவர் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் குறைபாடு ஒன்று கண்டால் 'ஐந்து ஏன்' கேட்க வேண்டும் என்பது விதி. ஐந்தாவது ஏனில் உண்மையான காரணம் பிடிபட்டே தீரும்.

ஏன் 1: அப்பா எங்கே என்றதற்குக் குழந்தை ஏன் அட்டையைக் காட்டினாள்? அப்பா என்பது அட்டை என்று நினைக்கிறாள்.

ஏன் 2: ஏன் அப்படி நினைக்கிறாள்? அந்தச் சொல்லை அட்டையில் மட்டுமே சந்தித்திருக்கிறாள்.

ஏன் 3: ஏன் அட்டையில் மட்டும்? அட்டை காட்டும் நேரத்தில்தான் அப்பா அவளோடு உட்காருகிறார்.

ஏன் 4: அப்போதாவது அவரை ஏன் பார்க்கவில்லை? முகத்தை அட்டை மறைத்திருந்தது. பக்கம் ஆறு.

ஏன் 5: ஏன்

பேருந்து தொழிற்சாலை வாசலில் நின்றுவிட்டது. வேலை வேலைதான். முடியாத வேலையை அடுத்த ஷிஃப்டுக்கு ஒப்படைப்பதும் விதிதான். அன்றிரவு பதிவேட்டில் எழுதினார்: 'ஐந்தாவது ஏன்: நிலுவை. ரூபினி கவனிக்கவும்.' மறுநாள் அதன் கீழே ரூபினியின் எழுத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கோணலாக: 'நிலுவை தொடர்கிறது.' கையெழுத்து.

ஆனால் தரப் பரிசோதகர் ஒருவர் திருத்த நடவடிக்கை இல்லாமல் கோப்பை மூட முடியாது. குறை எங்கே இருந்தது என்று யோகேந்திரன் ஆழ்ந்து சிந்தித்தார். அப்பாவுக்கு அட்டை இருந்தது. அம்மாவுக்கு இருந்தது. ஆளுக்கும் இருந்தது. பாப்பம்மாவுக்கு மட்டும் இல்லை. பரிசோதனை அங்கேதான் தடம் புரண்டது! அடுத்த விடுமுறை நாள் மாலை, நானூற்றுப் பதின்மூன்றாம் அட்டையைத் தயாரித்தார். கொட்டை எழுத்து, தடித்த தாள், மேலே பிளாஸ்டிக் உறை.

விகா உட்கார்ந்தாள். முதுகு நேர். கை மடியில். அவர் அட்டையை உயர்த்தினார். நாற்பது சென்டிமீட்டர். முகம் முழு மறைவு.

"பாப்பம்மா," என்றாள் விகா. அரை விநாடி. மாநில அளவில் சாதனையாக இருக்கக்கூடும்.

அடுத்த அட்டைக்கு அவர் கை போவதற்குள் குழந்தை எழுந்துவிட்டாள். இதுவரை அட்டை நேரத்தில் அவள் எழுந்ததேயில்லை. நேரே வந்தாள். அட்டையின் மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, பாப்பம்மா இருக்கிறாரா என்று பின்னால் எட்டிப் பார்த்தாள்.

அங்கே ஒருவர் இருந்தார். கம்பெனி டீசட்டை, மூக்குக் கண்ணாடி. விகா ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு அவரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். யோகேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பட்டத்துக்குக்கூட அவர் இப்படிக் காத்திருந்ததில்லை.

"இது இல்ல," என்றாள்.

சொல்லிவிட்டு அட்டையை மறுபடியும் தூக்கி அவர் முகத்துக்கு நேரே வைத்து, கோணல் இல்லாமல் சரிசெய்துவிட்டு, போய் உட்கார்ந்துகொண்டாள்.

யோகேந்திரன் பதிவேட்டை இழுத்து எழுதினார்: 'அட்டை 413. தேர்ச்சி. அரை விநாடி. குறைபாடு: இல்லை.' பதினான்கு ஆண்டுகளில் அவர் கண்ணுக்குத் தப்பிய முதல் ரிஜெக்ட், அந்த அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.